பதினான்கு பெயர்களும் என் ஓரகத்தியும்

மேலே குறித்துள்ள பெயரும் முகவரியும் என்னுடையவைதான். வயது நாற்பத்தொன்பது. மருத்துவக் கல்லூரியின் மருத்துவ அறவியல் துறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன், இப்போது இணைப் பேராசிரியர். அது என்ன வேலை என்று காவல் ஆய்வாளர் கேட்டதால் சொல்கிறேன்: நோயாளிகளிடம் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று டாக்டர்களுக்குப் பாடம் எடுப்பது. கணவர், மாமியார், கொழுந்தன், கொழுந்தன் மனைவி ஆகியோருடன் ஒரே வீட்டில் குடியிருக்கிறேன். யாரும் வற்புறுத்தாமல் நானாக வந்து இதைச் சொல்கிறேன்.

கொழுந்தன் மனைவி, அதாவது என் ஓரகத்தி, முன்பு என் மாணவி. கெட்டிக்காரி என்று நானே பெண் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நானே பரிந்துரைத்துத் துறையிலும் சேர்த்துவிட்டேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்று எழுதச் சொன்னேன். எழுதும் காவலர் சிரித்தார், ஆனால் எழுதினார்.

சாக்கடை சுத்தம் செய்பவர்களிடையே காசநோய் எப்படிப் பரவுகிறது என்று ஒன்பது ஆண்டுகளாக ஆய்வு செய்துவந்தேன். ஆய்வில் சேர்ந்தவர்களை எண்களால் மட்டுமே குறிப்போம். எந்த எண் யார் என்று எழுதிய நோட்டு என் அறை பீரோவில் இருக்கும், சாவி என்னிடம் மட்டுமே இருக்கும். நான் அவர்களுடைய குடியிருப்புக்குப் போனால் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு எல்லோரும் நிற்பார்கள். அதன் பிறகு ஓரகத்தி போக ஆரம்பித்தாள். மூன்றே மாதத்தில் அவர்களோடு தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அங்கே எல்லோரும் குழாயடி அக்கா என்று அழைக்கும் பெண் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "மேடம், நீங்க வந்தா கேட்டதுக்குப் பதில் சொல்லுவோம். அவங்க வந்தா பேசுவோம்."

அதன் பிறகு ஆய்வுக் கட்டுரை அவள் பெயரில் வந்தது, வெளிநாட்டு மாநாட்டில் பேச அவளை அழைத்தார்கள். கட்டுரையின் கடைசியில், நன்றி சொல்லும் வரியில், ஜீப் ஓட்டுநருக்கு அடுத்து என் பெயர் இருந்தது. மாமியார் பேப்பரில் வந்த அந்தச் செய்தியைப் பால்காரர் வரைக்கும் படித்துக் காட்டினார். எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார்.

அதன் பிறகு குறை கண்டுபிடிப்பதற்கென்றே உட்கார்ந்து, ஆய்வில் சேர்ந்தவர்களின் ஒப்புதல் படிவங்களைப் புரட்டினேன். பதினான்கு படிவங்களில் கைநாட்டு வைத்த தேதி, மாமியாருக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்த நாள். அன்று காலையிலிருந்து ஓரகத்தி ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு நகரவில்லை என்பது மாமியார் வாயால் ஊருக்கே தெரியும். ஆய்வு செய்பவர் நேரில் படித்துக் காட்டித்தான் கைநாட்டு வாங்க வேண்டும் என்பது விதி. பிறகுதான் தெரிந்தது, முந்தின நாளே படித்துச் சொல்லிவிட்டு, மைப்பெட்டியைக் குழாயடி அக்காவிடம் விட்டு வந்திருக்கிறாள். கூப்பிட்டுக் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும். நான் கேட்கவில்லை.

கல்லூரியின் அறநெறிக் குழுவுக்குப் பெயர் போடாமல் ஒரு புகார் எழுதினேன். ஆதாரம் இல்லாவிட்டால் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்று, பீரோவைத் திறந்து அந்தப் பதினான்கு பேரின் பெயரையும் விலாசத்தையும் தட்டச்சு செய்து இணைத்தேன். ஆய்வில் சேர்ந்தவர் பெயரை வெளியே விடக் கூடாது என்பதுதான் ஒவ்வோர் ஆண்டும் நான் எடுக்கும் முதல் பாடம். அது தெரிந்தேதான் செய்தேன்.

அதன் பிறகு குழுவின் செயலாளர், இவர்கள் உங்களிடம் வேலை செய்பவர்கள்தானா என்று கேட்டு அந்தப் பட்டியலைத் துப்புரவு ஒப்பந்தக்காரருக்கு அனுப்பினார். கடிதத்தின் தலைப்பில் காசநோய் என்று இருந்தது. மறுநாள் காலை பதினான்கு பேரையும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களில் நோய் இருந்தவர்கள் மூன்று பேர்தான். அந்தப் பதினான்கில் ஒருவரான குழாயடி அக்காவுக்கு நோய் இல்லை, வேலை போய்விட்டது. அவர்தான் இந்த நிலையத்தில் புகார் கொடுத்தவர். குடியிருப்பு ஆட்கள், ஓரகத்திதான் காட்டிக்கொடுத்தாள் என்று நினைத்துத் தெருவில் அவளை மறித்துப் பையைப் பிடுங்கிக் கிழித்திருக்கிறார்கள். கல்லூரி அவளை இடைநீக்கம் செய்தது. இங்கே விசாரித்தபோது, பட்டியலைத் தானே எழுதி எடுத்துப்போய் பஸ்ஸில் தொலைத்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறாள்.

நேற்று மாலை சமையலறையில் அவளிடம், "ஏன்டி அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன்.

"சாவி யாருகிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியாதாக்கா? உங்க இருபத்திரண்டு வருஷமும் போயிடும். நான் சின்னவ, எப்படியாவது சமாளிச்சுக்குவேன்" என்று சொல்லிவிட்டுக் காய் நறுக்கப் போய்விட்டாள்.

பட்டியலைக் கொடுத்தது நான். அவளுக்கு அதில் எந்தத் தொடர்பும் இல்லை. பதினான்கு பேருக்கும் வேலையைத் திரும்ப வாங்க இந்த வாக்குமூலம் உதவ வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால் மனம் திருந்தி வந்தேன் என்று எழுத வேண்டாம் என்றேன். எனக்காக, தான் செய்யாத குற்றத்தை ஏற்றுக்கொண்டவள் என்று என்றைக்காவது ஒருநாள் தெரியவரும், அந்தக் குடியிருப்பும் என் வீடும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. என்னுடைய எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். இந்தத் தப்பையும் எடுத்துக்கொள்ள விடமாட்டேன்.

இதில் எழுதியவை யாவும் நடந்தபடியே உள்ளன. எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. ஒரு வரியையும் மாற்றச் சொல்லவில்லை.

(ஒப்பம்)
வாக்குமூலம் அளித்தவர்