காடி வந்துருச்சா?

மத்தியானம் மூன்று மணி. ராத்திரி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... பட்டப்பகல். ஈப்போ பக்கம், கோப்பெங்கைத் தாண்டி ரப்பர்த் தோட்டத்துக்குள் போகும் செம்மண் சடக்கு. இரண்டு பக்கமும் கித்தா மரங்கள். மழை இருட்டிக்கொண்டு நின்றது. அந்தச் சடக்கில் ஒரே ஒரு லோரி.

ஓட்டிப் போனவர் சன்னாசி. நம் கூட்டாளி சீனியின் அக்காள் வீட்டுக்காரர்தான். சீனி இன்றைக்கு இங்கே இல்லை, அதனால்தான் சொல்கிறேன். அவன் காதில் போட்டுவிடாதீர்கள்.

எழுபத்தேழாம் வருஷக் கடைசி. சன்னாசி அப்போது மெங்லெம்புவில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் பழைய இரும்புக் கடைக்கு லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியை மூடி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. உள்ளே கிடந்த இரும்புக் கட்டில்களைத் தவுக்கே மொத்தமாகப் பேசி எடுத்திருந்தார். வழக்கமாகக் கூட வரும் ராஜுவுக்குக் காய்ச்சல். தனியாகத்தான் போனார். பயந்த ஆள் இல்லை.

நீளமான பலகைக் கட்டடம். தகரக் கூரை. ஜன்னல் உயரத்துக்கு லாலாங் புல். உள்ளே நுழைந்ததும் வௌவால் நாற்றம் முகத்தில் அடித்தது. அதற்கும் அடியில்... பினாயில் வாடை. அப்போதுதான் கழுவிவிட்டது மாதிரி. சன்னாசி அதை அப்போது யோசிக்கவில்லை. கட்டில்களை ஒவ்வொன்றாக இழுத்துப் போய் லோரியில் ஏற்றினார். பாதியில் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் அது கொட்டுகிற சத்தத்தில் தன் மூச்சே தனக்குக் கேட்கவில்லை.

ஆனால் அந்தக் குரல் கேட்டது.

"அண்ணே... காடி வந்துருச்சா?"

கட்டடத்தின் பின்பக்கத்திலிருந்து. பெண் குரல். தொண்டை வறண்ட குரல்.

புல் வெட்ட வந்தவள் யாரோ மழைக்கு ஒதுங்கியிருக்கிறாள், ஏறிப் போக வண்டி கேட்கிறாள் என்று நினைத்தார் சன்னாசி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசிக் கட்டிலை இழுத்தபடியே சொன்னார்.

"வந்துருச்சு லா. வா, ஏறிக்க. மெங்லெம்பு வரைக்கும் போறேன்."

கட்டிலை ஏற்றிவிட்டுக் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. ஹாரன் அடித்தார். வரவில்லை. சரி, என்னவென்று பார்க்கலாம் என்று திரும்ப உள்ளே போனார்.

நடையின் கடைசியில் ஒரே ஓர் அறை. மற்ற அறைகளுக்கெல்லாம் வலைக் கதவு. இதற்கு மட்டும் கனத்த பலகைக் கதவு. தரையோரம் ஒரு தட்டு நுழைகிற அளவுக்கு வெட்டிய ஓட்டை. தாழ்ப்பாள் வெளிப்பக்கம். போட்டது போட்டபடி துருவேறி இறுகிப்போயிருந்தது.

சன்னாசி அங்கேயே நின்றார்.

முன்பக்கம், மழைக்குள், லோரி 'கிரீச்' என்று ஒரு தடவை அமுங்கி எழுந்தது... ஓர் ஆள் பின்னால் ஏறினால் அமுங்குமே, அப்படி. ஓடிப் போய்ப் பார்த்தார். கட்டில்கள் மட்டும் நனைந்துகொண்டிருந்தன. வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். மெங்லெம்பு வரும் வரைக்கும் பின்னால் ஒரு கட்டில், ஒன்றே ஒன்று, முனகிக்கொண்டே வந்தது. தூக்கம் வராத ஆள் புரண்டு புரண்டு படுக்கிற சத்தம்.

வீட்டில் மனைவி பாப்பா. குழந்தை பிறந்து முப்பத்தைந்து நாள். கல்யாணமாகி ஏழு வருஷம், இரண்டு தடவை தங்காமல் போய், மூன்றாவதாகத் தங்கிய பெண் குழந்தை. அந்த வீட்டில் சந்தோஷத்துக்குக் குறைவில்லாத நேரம் அது.

மூன்றாம் நாள் சாயங்காலம் சன்னாசி வேலை முடிந்து வந்தார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது. கதவைத் தள்ளினார், எதுவோ முட்டியது. மெதுவாகத் தள்ளி உள்ளே தலையை நீட்டினார். கதவுக்குப் பின்னால் தரையில் பாப்பா உட்கார்ந்திருந்தாள். காதைப் பலகையில் ஒட்டி வைத்திருந்தாள். பால் கட்டி ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. குழந்தையின் அழுகை அவள் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"காடி வந்துருச்சா?"

அந்தத் தோட்டத்தில் கேட்டதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஒரு ஜீவனிடமும்.

ஏழு நாள். சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை, குழந்தையைத் தொடவில்லை. பக்கத்து வீட்டு வீரம்மாதான் டின் பால் கரைத்து ஊற்றிப் பிள்ளையைக் காப்பாற்றினாள். கிளினிக் டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, "பிள்ளை பெத்த சில பேருக்கு இப்படி வரும், நாள் கடத்தாதே" என்று தஞ்சோங் ரம்புத்தானுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஈப்போவில் அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும், பைத்தியக்கார ஆஸ்பத்திரி. சீனியும் சொன்னான், "மச்சான், கொண்டு போயிருங்க, நல்லாயிரும்." சன்னாசிக்கு மனம் வரவில்லை. கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

எட்டாம் நாள் கோப்பெங்கில் போய் விசாரித்தார். அந்த ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்த நல்லம்மாள் பத்து காஜாவில் மகள் வீட்டில் இருக்கிறாள் என்றார்கள். போனார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சன்னாசி நடந்ததைச் சொன்னார். பாப்பா கேட்ட கேள்வியைச் சொன்னதும் கிழவியின் கையிலிருந்து சவர்க்காரம் நழுவிச் சாக்கடையில் விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

"ராக்காயி" என்றாள். "பால் வெட்டுற புள்ள. இருபத்திரண்டு வயசு. அம்பதாம் வருசம், கம்யூனிஸ்ட் சண்டை நடந்த அவசரகாலம் தம்பி அது. பெத்த புள்ள மூணாம் நாளே போயிருச்சு. அவளுக்குப் புத்தி கலங்கிப் போச்சு. புள்ளையத் தேடுறேன்னு கித்தாக் காட்டுக்குள்ள ஓடுவா. ஆறு மணிக்கு மேல வெளிய தலை தெரிஞ்சா சோல்ஜர் சுட்டுருவான். அதான் மருந்து குடுக்குற டிரஸ்ஸரு அந்தப் பின்னறையில போட்டு அடைச்சாரு. ஆஸ்பத்திரிக் காடி வரும், தஞ்சோங் ரம்புத்தானுக்குக் கூட்டிட்டுப் போவும்னு சொல்லி வெச்சோம்."

"வந்துச்சா?"

"அதுக்குள்ள ஆர்டர் வந்துருச்சு. லயத்து வீட்டுச் சனத்தையெல்லாம் ஒரே நாள்ல கம்பி வேலி போட்ட புது எடத்துக்குக் கொண்டு போவணும்னு. புருஷங்காரன் ஏற்கனவே வேற தோட்டத்துக்கு ஓடிட்டான். காடிக்கு எழுதிட்டேன்னாரு டிரஸ்ஸரு. நான் ஒரு தட்டுச் சோத்த உள்ள தள்ளிட்டு லோரி ஏறிட்டேன்."

கிழவி குரலைத் தணித்துக்கொண்டாள்.

"மறுநாளு பாஸ் வாங்கிக்கிட்டு என் துணி மூட்டைய எடுக்கப் போனேன். உள்ள இருந்து கேட்டா, அக்கா, காடி வந்துருச்சான்னு. வந்துக்கிட்டே இருக்குன்னேன். தொறக்கல தம்பி. கடிச்சிருவாளோன்னு பயம். நேரமாயிரும்னு பயம்... தொறக்கல. எட்டு நாள் கழிச்சு சோல்ஜருங்கதான் தொறந்தாங்க; எடுத்துட்டு அடைச்ச கதவ, பின்னால ஆஸ்பத்திரி நடந்த காலத்துலயும் யாரும் தொறக்கல. கதவோட கதவா உக்காந்த வாக்குலயே போயிட்டாளாம். காதப் பலகையில வெச்சபடி."

மறுநாள் காலை பத்து மணிக்கு லோரி மறுபடியும் அந்தச் சடக்கில் போனது. நல்ல வெயில். நடுவில் பாப்பா, ஓரத்தில் நல்லம்மாள். எட்டு நாளாகக் கதவடியை விட்டு நகராத பாப்பா, லோரியைக் கண்டதும் தானாகவே ஏறி உட்கார்ந்தாள்.

தாழ்ப்பாள் அசையவில்லை. நல்லம்மாள் ஒரு கல்லை எடுத்துத் தட்டினாள். நாலாவது தட்டில் விட்டது. கதவு திறந்ததும் உள்ளிருந்து புளித்த சோற்று வாடை. ஜன்னல் இல்லாத அறை. பகலிலும் ஒன்றும் தெரியவில்லை.

"ராக்காயி..." கிழவி இருட்டுக்குள் தலையை நீட்டினாள். "காடி வந்துருச்சு தாயி. வெளிய வா."

யாரும் வெளியே வரவில்லை. பாப்பாதான் இரண்டு பேரையும் ஒதுக்கிக்கொண்டு நேராக உள்ளே போனாள். தொப்பென்று விழுகிற சத்தம். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

சன்னாசி பாய்ந்து போய்த் துழாவி, கைக்கு அகப்பட்டவளை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். வெயிலில் கிடத்தினார். முகத்தில் தண்ணீர் தெளித்தார். அவள் கண்ணைத் திறந்தாள். வானத்தைப் பார்த்தாள், மரங்களைப் பார்த்தாள்... நெடுநேரம் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"புள்ளைக்குப் பசிக்கும்" என்றாள். "போலாம்."

சன்னாசி அழுதுவிட்டார். பையிலிருந்த கடிதத்தை எடுத்துக் கிழித்து எறிந்தார். அவளைத் தூக்கிப் போய் லோரியில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பினால், நல்லம்மாள் இன்னும் அந்தக் கதவு முன்னால் நிற்கிறாள். தலையைச் சாய்த்து எதையோ கேட்கிற மாதிரி. முகத்தில் ரத்தமே இல்லை. திடீரென்று கதவை அறைந்து சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். கல்லால் அடித்து அடித்து இறுக்கினாள்.

"ஏன் பெரியம்மா? தொறந்தே கெடக்கட்டுமே."

"ஒண்ணுமில்ல. மொதல்ல கெளப்பு. திரும்பிப் பாக்காத."

பத்து காஜா வரும் வரைக்கும் கிழவி பாப்பாவின் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. இறங்கும்போது பாப்பா, "வாரேன்க்கா" என்றாள். கிழவி விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். ஒரு மாதத்தில் செத்தும் போனாள்.

பாப்பா நன்றாகிவிட்டாள். குழந்தையைக் கீழே விடவே மாட்டாள், அப்படி ஒரு வளர்ப்பு. பேச்சு மட்டும் குறைந்துபோயிற்று; வாய்க்கு வாய் அவரை 'ஏங்க' என்று கூப்பிட்டவள், அதையும் விட்டுவிட்டாள். ஏழு மணிக்கு எழுப்பினாலும் எழாதவள், விடிகாலை நாலு மணிக்குத் தானாக எழுந்து உட்கார்ந்துகொள்வாள். பிள்ளை பெற்ற உடம்பு, மாறத்தான் செய்யும் என்று சன்னாசி விட்டுவிட்டார்.

எண்பத்து மூன்றில் தைப்பிங் பக்கம் ஒரு தோட்டத்தில் சொந்தக்காரக் கல்யாணம். மறுநாள் காலை சன்னாசியின் சித்தப்பா மகன் ராமையா கித்தா மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தான், இவர்கள் வேடிக்கை பார்க்கப் போனார்கள். பாப்பா அவன் கையிலிருந்த கத்தியை வாங்கினாள். லேசாகக் குனிந்தாள். ஒரே இழுப்பு. மரத்துக்குக் காயம் படாமல், காகிதம் போலப் பட்டை சுருண்டு விழுந்தது. பால் கோடு பிடித்து வந்து மரத்தடி மங்குக் கிண்ணத்தில் சொட்டியது.

"அட, அண்ணி!" என்றான் ராமையா. "எந்தத் தோட்டத்துல வெட்டுனீங்க?"

பாப்பா மெங்லெம்புவில் பிறந்தவள். அவள் அப்பா டவுனில் துணி தைத்தவர். பால் வெட்டும் கத்தியை அவள் கையால் தொட்டதே கிடையாது. அவள் கத்தியைக் கைலியில் துடைத்து, பிடியைத் திருப்பி அவனிடம் நீட்டினாள்.

சன்னாசி அன்றைக்கே புறப்பட்டுக் கோப்பெங் போனார். ஆஸ்பத்திரி இல்லை. ஒரு கல் கூட இல்லை. போன வருஷமே இடித்துத் தள்ளிவிட்டுச் செம்பனை நட்டிருந்தார்கள்.

டவுன் கோப்பிக் கடையில் விசாரித்ததில், இடித்த புல்டோசர்காரர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். வயதான சீனர், ஆ சோங் என்று பெயர். மலாயில் பேசிக்கொண்டார்கள். அந்த வீடு சரியில்லை என்றார் அவர். பின்னறைக்குள்ளிருந்து இரண்டு நாளும் ஒரு பெண் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். ஆள் மாட்டிக்கொண்டது என்று பயந்து கதவை உடைத்தார்களாம். உள்ளே யாரும் இல்லை.

"என்ன சொல்லிக் கூப்பிட்டா?"

"உங்க பாஷை எனக்குத் தெரியாது. ஒரே வார்த்தைதான். திரும்பத் திரும்ப அதே."

ஆ சோங் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். அர்த்தம் தெரியாமல், கேட்டது கேட்டபடி, அந்தச் சத்தத்தைத் தன் வாயால் செய்து காட்டினார்.

"ஏங்... க. ஏங்... க."