பலகையை விட்டு இறங்கியவன்

ஓடுகிற இசைத்தட்டைப் பாதியில் நிறுத்துவது எனக்குப் பிடிக்காது. இந்தப் பக்கம் முடியட்டும், அப்புறம் பேசலாம் என்று உங்களைக் காக்க வைத்ததற்கு அதுதான் காரணம். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃப்ளோராம்மா ஜெபமாலைக்குக் கோயிலுக்குக் கிளம்பும் முன் போட்டு வைத்த காபி, ஆறியிருக்கும். குடியுங்கள். உங்கள் டேப் ரெக்கார்டர் ஓடட்டும். அதன் பிளக்கை நீங்கள் சுவரில் செருகும்போதே பார்த்துவிட்டேன், சரியாகத்தான் இருக்கிறது.

உங்கள் பத்திரிகைக்கு வேண்டியது இதுதான். பிளாக் ஹெரான், ஸ்டோன் சேப்பல் என்ற இரண்டு இங்கிலாந்து ராக் குழுக்களில் எது பெரியது? இரண்டும் கலைந்த பிறகும் மெட்ராஸில் இத்தனை பேர் ஏன் இன்னும் அவற்றைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்? சாந்தோமில் இதற்குப் பதில் சொல்ல விக்டரை விட்டால் ஆளில்லை என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். சந்தோஷம். சில வருஷங்களாக இந்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் கரண்டைப் பற்றித்தான் கேட்டார்கள். இசையைப் பற்றிக் கேட்கிற முதல் ஆள் நீங்கள். அதனால் எதையும் மிச்சம் வைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பிளாக் ஹெரானை முதலில் முடித்துவிடுவோம். அதில் முதலில் கிட்டார், பிறகு கிட்டார், அதற்கும் பிறகு கிட்டார். பாடுகிறவன் யாரோ காலை மிதித்துவிட்ட மாதிரி ஆரம்பிப்பான். பாட்டு போகப்போக வேகம் கூடிக்கொண்டே போகும். டிரம்ஸ்காரனுக்கு அது தெரியவே தெரியாது. கேட்கிறவர்கள் அதைத் தப்பு என்று சொல்வதில்லை, உயிர் என்கிறார்கள். ஸ்டோன் சேப்பல் அப்படியில்லை. ஆர்கன்தான் அங்கே முதுகெலும்பு. ஒவ்வொரு சுரமும் வரவேண்டிய இடத்தில் வந்து, முடியவேண்டிய இடத்தில் முடியும். அவர்களுடைய நீண்ட பாட்டு ஒன்றிலிருந்து ஒரு சுரத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள், மொத்தமும் சாய்ந்துவிடும். நிலைத்து நிற்பது என்றால் அதுதான் என்று நான் சொல்வேன். ஸ்டானி ஒத்துக்கொள்ளவே மாட்டான்.

ஸ்டானி என்றால் ஸ்தனிஸ்லாஸ். ஃப்ளோராம்மாவின் ஒரே பிள்ளை. நானும் அவனும் ஒரே பங்குக் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள், ஒரே பாடகர் குழுவில் நின்றவர்கள். அடையாற்றில் இனாயத் என்று ஒரு கப்பல் இன்ஜினியர் இருந்தார். ஒவ்வொரு தடவை கரைக்கு வரும்போதும் இசைத்தட்டுகள் கொண்டுவருவார். அவர் வீட்டு வரவேற்பறையில்தான் இரண்டு குழுக்களையும் ஒரே சாயங்காலம் கேட்டோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆரம்பித்த சண்டை அது. பிறகு எங்கள் சண்டை நின்றதே இல்லை.

"மச்சி, உன் ஆளுங்க பள்ளிக்கூட மணி அடிக்கிற மாதிரி வாசிக்கிறானுங்கடா. இதுல இன்னா கீது?" என்பான்.

"ஒழுங்கு இருக்கிறது" என்பேன்.

"ஒழுங்குக்கு எங்கம்மா கீறாங்க. பாட்டுக்கு வேற வேணும்."

நாலைந்து பேர் சேர்ந்து ஒரு குழு வைத்தோம். அவன் கிட்டார், நான் ஆர்கன். ஆம்ப்ளிஃபயர் வாங்க வழியில்லை. நான் ஒரு கல்லூரியின் பௌதிக ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ரிச்சி தெருவில் சாமான் பொறுக்கி, பழைய ரேடியோ வால்வுகளை வைத்து நானே ஒன்று கட்டினேன். டிரான்ஸ்ஃபார்மர் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. அதனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. அதன் இரண்டு கால் பிளக்கில் ஒரு காலின் பக்கம் சிவப்புப் பெயிண்ட் வைத்திருந்தேன். சிவப்பு மேலே இருக்கும்படி செருகினால் பெட்டி பரம சாது. தலைகீழாகச் செருகினால் பெட்டியின் தகரத்திலும் கிட்டாரின் கம்பிகளிலும் வீட்டு மின்சாரம் முழுசாக வந்து நிற்கும். அதனால் அந்த பிளக்கை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன். போதாததற்கு, பழைய கதவுப் பலகை ஒன்றின் அடியில் ரப்பர் அடித்து, கிட்டார்காரன் நிற்க ஒரு மேடை செய்து வைத்தேன். அதன் மேல் நிற்கும் வரை எது எப்படி இருந்தாலும் ஒன்றும் ஆகாது.

ஆனால் ஸ்டானி பலகையில் நிற்கமாட்டான். வாசிப்பில் தன்னை மறந்தானானால் இறங்கி மேடை விளிம்பு வரை நடந்துவிடுவான். எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். சிரிப்பான்.

அந்த வருஷம் மாதா திருநாள் இசை நிகழ்ச்சிக்கு ஒரு ஓட்டல் மேனேஜர் வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் வாரா வாரம் அவர்கள் ஓட்டலில் வாசிக்கலாம். அதற்குச் சில நாள் முன்னால் ஸ்டானி என்னை ஊரூர் குப்பத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். கரையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு படகின் மேல் உட்கார்ந்தோம். அவன் மணலைக் காலால் கிளறிக்கொண்டே இருந்தான். அவனுக்கு எதையும் மறைத்துப் பேச வராது.

"ஓட்டல்காரன் ஹெரான் பாட்டுதான் கேக்கறான் மச்சி. அதுக்கு ஆர்கன் வேணாம். உன்ன வேணாம்னு சொல்லல, தப்பா நெனச்சிக்காத. நீ கரண்ட்டப் பாத்துக்கோ. அதுல உன்ன அடிச்சிக்க ஆளே இல்ல."

நான் கோபப்படவில்லை. நான் கோபப்படுகிற ஆள் இல்லை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். வரும் வழியில் மீன் வாங்கிக்கொண்டு வந்தோம். ஃப்ளோராம்மா வறுத்துக் கொடுத்தார், இதோ இந்த மேஜையில்தான் இருவரும் சாப்பிட்டோம். "இன்னொரு துண்டு வச்சிக்கோப்பா விக்டர், இளைச்சிட்டே போற" என்றார். வைத்துக்கொண்டேன்.

அன்று படுக்கையில் யோசித்தபோது ஒன்று தெளிவாகப் புரிந்தது. எங்கள் சண்டை பேசித் தீர்கிற சண்டை இல்லை. பேசினால் அவன் சிரிப்பான், எல்லாரும் அவனோடு சேர்ந்து சிரிப்பார்கள். ஒரு பரீட்சை வைக்கலாம் என்று தோன்றியது. நியாயமான பரீட்சை. கட்டுப்பாட்டோடு வாசிக்கிறவன் பலகையின் மேல் நிற்பான், அவனுக்கு ஒன்றும் நேராது. தன்னை மறக்கிறவன் இறங்குவான். ஹெரான் பெரியதா, சேப்பல் பெரியதா என்பதை அவன் கால்களே சொல்லட்டும். நான் யாரையும் தள்ளிவிடப் போவதில்லை. முடிவை அவனிடமே விடுகிறேன். இன்று வரை இதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

திருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம் கோயில் மண்டபத்தில் ஒத்திகை. எங்கள் பங்கில் ஒரு பழக்கம் உண்டு. தேர்ப்பவனிக்கு முன் மாதா சுரூபத்தை அந்த மண்டபத்து மேடையில்தான் இறக்கி வைப்பார்கள். அதனால் முந்தின நாளே மாதா சபைப் பெண்கள் மேடையைக் கழுவி விடுவார்கள். கழுவிய பிறகு யாரும் செருப்போடு ஏற மாட்டார்கள். மற்றவர்கள் கால் கூசுகிறது என்று சொல்லிக் கொஞ்சம் காய்ந்த பிறகு ஏறுவார்கள், ஸ்டானிக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆக, சிமெண்டுத் தரை, ஈரம், வெறுங்கால். நான் எதையும் ஏற்பாடு செய்யவில்லை. எல்லாம் வருஷா வருஷம் நடப்பதுதான்.

அன்று கழுவியவள் மர்சலின். பாடகர் குழுவில் பாடுகிற பெண், ஸ்டானியைவிடச் சின்னவள். வாளியோடு கீழே நின்று துணி பிழிந்துகொண்டிருந்தாள். மற்றவர்கள் மைக் எடுக்கப் போயிருந்தார்கள். நான் பலகையைப் போட்டேன். பிளக்கைச் செருகினேன். சிவப்பு கீழே இருந்தது. கை தவறிச் செருகவில்லை.

"எல்லாம் சரியா கீதா?" என்று கேட்டான்.

"சரியாக இருக்கிறது. பலகையை விட்டு இறங்காதே" என்றேன்.

இதை உங்கள் டேப்பில் தெளிவாக விழும்படி மறுபடியும் சொல்கிறேன். இறங்காதே என்று நான் எச்சரித்தேன்.

முதலில் ஹெரான் பாட்டு ஒன்று வாசித்தான், பிறகு இன்னொன்று. நான் மெயின் சுவிட்ச் பக்கத்துச் சுவரில் சாய்ந்து அவன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை பலகையை விட்டு அசையவில்லை. எனக்கு ஆச்சரியம்தான். ஹெரானைக்கூட இவன் நிதானமாக வாசிக்கிறானே, நம் கணக்கு தப்போ என்று நினைத்தேன். இந்தப் பாட்டு முடிந்ததும் பிளக்கைத் திருப்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன், பொய் சொல்லவில்லை.

அப்போது அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "இது உனக்கு மச்சி. ஒரு மாசமா வீட்ல ஒளிஞ்சி ஒளிஞ்சி பழகினேன்" என்றான்.

ஸ்டோன் சேப்பலின் நீண்ட பாட்டு. அதில் ஆர்கன் வாசிக்கிற பகுதியை, நான் வாசிக்கிற பகுதியை, கிட்டாரில் எடுத்தான். நன்றாக இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு சுரமும் இடம் மாறவில்லை. ஆனால் நான் வாசிக்கும்போது ஒருநாளும் வராத ஏதோ ஒன்று அதில் வந்தது. மர்சலின் பிழிந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். ஸ்டானி கண்ணை மூடிக்கொண்டான். கடைசி ஏற்றம் வந்தபோது அவன் வலது கால் பலகையை விட்டு இறங்கியது.

மர்சலின் அலறினாள். நான் சுவிட்சை அணைத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

போலீஸ் வந்தது. நல்ல மனிதர்கள். வீட்டிலேயே கட்டிய பெட்டி, ஈரத் தரை, வெறுங்கால் என்று நானே எல்லாவற்றையும் விளக்கினேன், ஒன்றுகூடப் பொய் இல்லை. பிளக்கை அதற்குள் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். கழற்றிய பிளக்குக்கு மேலும் கீழும் கிடையாது. கடைசியில் ஊர் வாயில் மிஞ்சியது தண்ணீர் ஒன்றுதான். தண்ணீர் ஊற்றியவள் மர்சலின். அவளை யாரும் எதுவும் சொல்லவில்லை, அவளே சொல்லிக்கொண்டாள். அப்புறம் பாடகர் குழுவுக்கு அவள் வரவில்லை. வந்த வரனையும் வேண்டாம் என்றுவிட்டாள். வருஷா வருஷம் அவன் நினைவு நாளில் இங்கே வந்து ஃப்ளோராம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். "தண்ணி ஊத்தினது உன் வேலைம்மா, அதுல உன் தப்பு என்ன இருக்கு?" என்று நான்தான் தேற்றுகிறேன். ஃப்ளோராம்மா என்னைப் பார்த்து, "உனக்கு இருக்கிற மனசு யாருக்கு வரும்" என்பார்.

நான் இங்கேயே வந்துவிட்டேன். தனியாக இருக்கிற அம்மா, யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் இல்லையா. அவன் கட்டிலில்தான் படுக்கிறேன், அவன் தட்டில்தான் சாப்பிடுகிறேன். "அவன் இருந்தா இப்டி பாத்திருப்பானான்னு தெரியலப்பா" என்று ஃப்ளோராம்மா ஒருநாள் சொன்னார். அந்த அம்மாவை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஒரே ஒரு தொந்தரவு. அந்த ஆம்ப்ளிஃபயர் ஒரு மாதிரி ரீங்காரம் போடும், வாசிக்காமல் சும்மா வைத்திருந்தால்கூட. அதை ஃப்ளோராம்மா தூக்கிப் போட விடவில்லை. மாதா படத்துக்குக் கீழே வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார். வால்வுகளை நான் எப்போதோ எடுத்துவிட்டேன். ஆனாலும் கேட்கிறது. தெருவில் ஓடுகிற மின்கம்பியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன கோடையில் ஒருநாள் சாயங்காலம் மயிலாப்பூர் வரைக்கும் கரண்ட் போய்விட்டது. விசிறி நின்றது, பக்கத்து வீட்டு ரேடியோ நின்றது, தெருவே அடங்கிவிட்டது. அது மட்டும் நிற்கவில்லை. ஒரே சுரம். அந்தப் பாட்டின் கடைசிச் சுரம். "உங்களுக்குக் கேக்குதாம்மா?" என்று கேட்டேன். "கடல் சத்தம்ப்பா" என்றார். கடலை எனக்குத் தெரியாதா? பயமாக இருந்தது. அதற்காகத்தான் தட்டு போட்டுக்கொண்டே இருக்கிறேன். நீங்கள் வந்தபோது ஓடியது பிளாக் ஹெரான் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ஃப்ளோராம்மாவுக்காகப் போடுகிறேன், அவனுக்குப் பிடித்தது அல்லவா. அவர் வீட்டில் இல்லாதபோதும் போடுகிறேன். பழக்கமாகிவிட்டது.

சுவிட்சை அணைத்தேன் என்று சொன்னேன். எப்போது அணைத்தேன் என்று போலீசும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

என் கை முதலிலிருந்தே சுவிட்சின் மேல்தான் இருந்தது. அவன் விரல்கள் அந்தச் சுரத்தின் மேல் இறுகிப்போயிருந்தன. பெட்டியும் கம்பியும் ஒன்றுக்கொன்று ஊளையிட்டுக்கொண்டு அந்தச் சுரம் நீண்டுகொண்டே போனது. "அண்ணே, நிறுத்துங்கண்ணே, நிறுத்துங்க" என்று மர்சலின் கத்தியது எனக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் இசைத்தட்டில் அந்த இடத்தைச் சீக்கிரம் முடித்துவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம் என்ற குறை எனக்கு எப்போதுமே உண்டு. அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். சுவிட்சையும் பார்த்தான். நான் அந்தச் சுரம் தானாக முடியும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். முடிந்த பிறகு அணைத்தேன். பாதியில் நிறுத்துவது எனக்குப் பிடிக்காது என்று உங்களிடம் முதலிலேயே சொன்னேன்.

டேப் தீரப் போகிறது, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டில் பெரியது ஸ்டோன் சேப்பல்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து இன்று வரை ஸ்டானி அதை மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை.