இருமினாலும் குற்றம்

— அந்தத் தாளைக் கல்லா மேல வைக்காத, இலீன். மடிச்சுப் பைக்குள்ள போடு.

— ஏன், கடிக்குமா?

— என்னைக் கடிக்கும். கோழித் தீவனம் வேணுமா, மாட்டுக்கு உப்புக்கட்டி வேணுமா, எடுத்துத் தர்றேன். சட்டம் மட்டும் கேக்காத.

— ஊருக்கே சட்டம் சொன்ன வாய் அது, டெல்மர். ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்ச எனக்குச் சொல்ல வலிக்குதோ? இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள நான் பதில் மனு போடலைன்னா நான் வளக்குற ஜோசியை அவ அப்பன் கூட்டிட்டுப் போயிடுவான்.

— தெரியும்.

— என்னத்தத் தெரியும்? பொறந்தப்ப எட்டிப் பாக்காத அப்பன். என் தங்கச்சி செத்தப்ப ஒரு பூ அனுப்பல. இப்ப டென்வர்ல வீடு, புதுப் பொண்டாட்டி, பக்கத்துலயே ஒரு வக்கீல். பொண்ணு வேணுமாம்! நான் ஸ்கூல் பஸ் ஓட்டுறவ. இதுல எனக்கு என்ன புரியும்?

— கோர்ட்டுல அந்தக் குமாஸ்தா அம்மாகிட்டக் கேட்டியா?

— கேட்டேன். 'இங்கே சட்ட ஆலோசனை கிடையாது'ன்னு ஜன்னல்ல ஒட்டியிருக்காளே, அதையே விரலால தட்டித் தட்டிக் காட்டுறா. மூணு மாவட்டத்துக்கும் சேத்து இருக்கிற ஒரே வக்கீல் அடுத்த மாசம் வரச் சொல்றார். இந்த நெப்ராஸ்காவுல மாட்டுக்கு டாக்டர் கிடைப்பான், மனுஷனுக்கு வக்கீல் கிடைக்க மாட்டான்.

— இலீன், என் வக்கீல் உரிமத்தைப் பறிச்சது மாநில உச்ச நீதிமன்றம். திருப்பித் தர்றதும் அவங்கதான். என் மனு அவங்க மேசையில கிடக்கு. இப்பப் போயி உனக்கு ஒரு வார்த்தை சொன்னேன்னா, உரிமம் இல்லாம தொழில் பண்ணினேன்னு ஆயிடும்.

— யாருக்குத் தெரியப் போவுது? இங்க இருக்கிறது நீ, நான், தீவன மூட்டை.

— மேக்குப் பக்கம் ஒருத்தன், என்னை மாதிரியே உரிமம் போனவன். பக்கத்து வீட்டுக் கிழவிக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தான். அவ நன்றி தாங்காம சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. அத்தோட முடிஞ்சுது அவன் கதை.

— சரி, நீ பேசாத. நான் சொல்லிட்டே வர்றேன். தப்புன்னா இருமு.

— இருமினாலும் ஆலோசனைதான்.

— தும்மினா?

— இலீன்!

— குடிச்சுட்டு ஒரு வழக்கோட கெடுவைத் தவற விட்ட. தாக்கல் பண்ணிட்டேன்னு நீதிபதி மூஞ்சிக்கு நேராப் புளுகின. அன்னிக்கு மட்டும் வாய் நல்லா வந்துச்சே?

— எட்டு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் ஒரு சொட்டுத் தொட்டதில்ல. என் அண்ணன் உயிலை நீட்டி, படிச்சு அர்த்தம் சொல்லுடான்னான். முடியாதுன்னேன். இன்னிக்கு வரைக்கும் அவன் என்கூடப் பேசறதில்ல. இன்னும் கொஞ்ச நாள், இலீன். உரிமம் வந்ததும் மொத வழக்கு உன்னோடதுதான்.

— அதுக்குள்ள பொண்ணு டென்வர் போயிருப்பா.

— நான் என்னம்மா பண்ணட்டும்? மூட்டை தூக்கித் தூக்கி முதுகு போச்சு. காலையில கண்ணு முழிக்கிறதே அந்த ஒரு நெனப்புலதான்.

— அதனாலதான் வந்ததுலேர்ந்து சொல்லாம நிக்கிறேன்.

— எதை?

— நீ காலையிலேர்ந்து லாரியில மூட்டை எறக்கிட்டு இருந்திருப்ப. பாத்திருக்க மாட்ட. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, காலையிலதான உச்ச நீதிமன்றத் தீர்ப்பெல்லாம் வெளியிடுவாங்க? இந்தப் பதில் மனுத் தாளை அச்செடுக்க நூலகத்துக்குப் போனேன். அப்படியே உன் பேரையும் தேடிப் பாத்தேன், ஒரு நப்பாசை. உன் மனுவைத் தள்ளிட்டாங்க, டெல்மர். உனக்கு இனிமே தர முடியாதாம்.

— தெரிஞ்சுக்கிட்டேவா இவ்வளவு நேரம் என்கிட்டப் பேசின?

— நீயா மனசு வந்து சொல்லுவியான்னு பாத்தேன். அதுக்காகவும்தான் வாயை மூடிட்டு இருந்தேன், திட்டணும்னா அப்புறமாத் திட்டு. உக்காரு, அந்த மூட்டை மேலயாவது உக்காரு. மணி நாலரை ஆச்சு. உன்கிட்டேர்ந்து பறிக்க இனி அவங்களுக்கு ஒண்ணுமில்ல. இந்தத் தாள்ல மொதக் கட்டத்துல நான் என்ன எழுதணும்? சொல்லேன், டெல்மர்.