எட்டுச் சாக்கு மண்

இந்த அறைச் சுவருக்கு மூன்று தடவை வெள்ளையடித்திருக்கிறார்கள், ஐயா. நடுவில் ஒரு தடவை பச்சை. நீங்கள் கேட்டதற்கு இது பதிலில்லைதான். இருபத்தாறு வருடம் குந்தாலி பிடித்தவனுக்குக் கண் அப்படித்தான் போகும்.

கெச்சித்தெபே மேட்டில் அகழாய்வு வேலைக்கு நான்தான் மேஸ்திரி. ஒரு காலத்து வீட்டின்மேல் அடுத்த காலத்து வீடு என்று கட்டிக் கட்டியே உயர்ந்த மேடு அது. மேலே சுல்தான் காலத்துச் சாம்பல், அடியில் ரோமானியன், அதற்கும் அடியில் எரிந்த செம்மண், பிறகு வெண்கலக் காலம். குந்தாலி மண்ணில் இறங்கும் சத்தத்திலேயே எந்தக் காலம் என்று சொல்லிவிடுவேன். எங்கள் பேராசிரியை பெல்கிஸ் ஹோஜாவே என் காதை நம்பித்தான் நோட்டில் எழுதுவார்.

ஒவ்வொரு அடுக்கின் பானை ஓட்டுக்கும் தனிக் கூடை, தனிச் சீட்டு. என்னிடம் கூலிக்கு வேலை பார்த்த வெய்சல் அதில்தான் கை வைத்தான். ஒன்பது வருடத்துக்கு முன், அந்த வருட வேலை முடிந்த வெள்ளிக்கிழமை. மற்றவர்கள் மத்தியானத் தொழுகைக்கு ஊருக்குள் இறங்கிவிட்டார்கள். கூடை கவிழ்ந்து கொட்டிய ரோமானிய ஓடுகளை அவன் வெண்கலக் காலக் கூடையில் அள்ளிப் போட்டான்.

“என்னடா பண்றே?”

“எல்லாம் ஓடுதானே துர்சுன் அண்ணே. செத்தவன் வந்து என் பானை எங்கேன்னு கேக்கப் போறானா?” சிரித்தான். “இந்த வருஷம் பூரா இப்படித்தான் போட்டேன். உங்க ஹோஜா கண்டுபிடிச்சுட்டாங்களா?”

குந்தாலியின் பின்பக்கத்தால் ஒரே அடி. தங்கமான பையன், கல்யாண வீட்டில் அவன் பாடினால் யாரும் உட்கார்ந்திருக்க முடியாது. வேலையில்தான் சுத்தம் போதாது.

மேட்டுக் காவலும் என்னிடம் இருந்ததால் பதற்றமில்லை. மடக்குவதில் மட்டும் அவசரம். வெண்கலக் காலத்தில் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துத்தான் புதைப்பார்கள். விறைத்துவிட்டால் நீட்டிப் படுக்கவைத்து ரோமானியனாக்க வேண்டியிருக்கும். மடக்கிக் கட்டிக் கருவிக் கொட்டகையில் வைத்தேன். துணி, பொத்தான், பெல்ட் எல்லாம் கழற்றினேன். என் மண்ணில் பிளாஸ்டிக் கிடக்கக் கூடாது.

மேட்டைக் கயிறு கட்டிப் பிரித்ததில் இன்னும் தோண்டாத ஒரு சதுரத்தின் ஓரத்தில் எட்டுச் சாக்கு விரித்தேன், உள்ளடுக்குகளையும் எண்ணி ஒரு அடுக்கின் மண்ணுக்கு ஒரு சாக்கு. இரண்டு நாள் வேலை. அவனை உள்ளே வைத்து, முழங்காலருகே அந்தக் காலத்து ஜாடி ஒன்றையும் வைத்து, கடைசியாக எடுத்ததை முதலில் போட்டு, அடுக்கு வரிசை மாறாமல் மண்ணை இட்டு, நீர் தெளித்து மிதித்தேன். அவன் ஜெர்மனிக்கு ஓடிவிட்டதாக ஊரில் சொன்னார்கள். இருக்கும் என்றேன்.

இந்த வருடம் ஹோஜா அந்தச் சதுரத்தைத் திறந்தார். எலும்பு வெளிப்பட்ட அன்று எனக்குச் சாராயம் குடித்தாற்போல் தலை சுற்றியது. நாலாயிரம் வருடம் என்று சொல்லி ஹோஜா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். யாரோ தகர வாளியைத் தட்ட, கைகோத்து ஆடினோம். கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு வரிசையின் முதல் ஆள் நான். ஆடிய ஆட்டத்தில் என் செருப்பு ஒன்று குழிக்குள் பறந்தது.

வெய்சலின் மனைவி ஷுக்ரான் எங்களிடம்தான் ஓடு கழுவுகிறாள். மண்டையோட்டை எட்டிப் பார்த்தாள். “பாருங்கடி, எங்க வீட்டு ஓடிப்போனவன் மாதிரியே இவனுக்கும் முன்பல்லு உடைஞ்சிருக்கு. அப்பவே பல்லால எதையாவது திறந்திருக்கான், மடையன்.”

எல்லோரும் சிரித்தோம். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

மறுநாள் ஹோஜா குழிச் சுவரில் நீர் தெளித்து வெகுநேரம் பார்த்தார்.

“இது பழைய குழி இல்லே. எவனோ புதையல் திருடன் கண்டபடி தோண்டி, கண்டபடி அள்ளிப் போட்டிருக்கான்” என்று சொல்லிவிட்டு, சீட்டில் ‘கலைந்த மண்’ என்று எழுதினார்.

கண்டபடி.

“கண்டபடி இல்லே ஹோஜா” என்றேன். “எட்டுச் சாக்கு விரிச்சேன். வரிசை மாறவே இல்லே.”

ஷுக்ரானின் தூரிகை நின்றது. “எப்போ விரிச்சீங்க, அண்ணே?”

சொன்னேன், முழுவதையும். அவள் கேட்டதற்காக அல்ல. அந்தச் சீட்டு தப்பு.

வெய்சலைக் கொன்றேன், மடக்கினேன், புதைத்தேன். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சீட்டை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், ஐயா. அந்த மேட்டில் ஒரு காலத்துக்கு உரியதை இன்னொரு காலத்தில் போட்ட கையில்லை இது.