ஓரத்தைப் பார்த்து ஓட்டுங்க

மழையில் சைக்கிள் ஓட்டுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை, சார். ஒரு தடவை நனைந்துவிட்டால் அப்புறம் நனைவதற்கு எதுவும் இல்லை. பங்குனி வெயிலில் பென்னாகரம் ரோட்டில் மேடேறுவதுதான் கஷ்டம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மழைக்கு வேண்டியது நல்ல பிரேக் கட்டை, கொஞ்சம் பொறுமை, கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்கிற தெளிவு. இதையெல்லாம் யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். நான் உடற்கல்வி ஆசிரியர். சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு.

உங்கள் ஏட்டு நேற்று வீட்டுக்கு வந்தார். சித்தேரி மலைப்பாதையில் மழையால் வழுக்கி விழுந்து நவநீதன் இறந்தார் என்று எழுதிக்கொண்டு வந்து, கூட இருந்தவன் என்பதால் என்னிடம் கையெழுத்துக் கேட்டார். நான் போடவில்லை. என் தம்பி ஜோசப் ராஜ் செத்தபோதும் மழை என்றுதான் எழுதினார்கள். இரண்டு சாவையும் மழையின் தலையில் போடுவது நியாயமில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நாங்கள் நான்கு பேர். நான், தம்பி, பாப்பாரப்பட்டியில் உரக்கடை வைத்திருந்த நவநீதன், தமிழ்மணி. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் கிளம்புவோம். ஒரு வாரம் மாரண்டஹள்ளிப் பக்கம், ஒரு வாரம் சித்தேரி. நானும் தம்பியும் சர்ச்சில் சாயங்காலப் பூசைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று மற்ற இருவரும் எங்களுக்காகவே வேகமாக மிதிப்பார்கள். நல்ல சிநேகிதம்தான். நவநீதன் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பை சுமப்பார். பஞ்சர் ஒட்டும் சாமான், பம்பு, மாற்று பிரேக் கட்டை எல்லாம் அதில் இருக்கும். பெரிய கடைக்காரர், ஆனாலும் பையை வேறு யாரிடமும் கொடுக்கமாட்டார்.

மூன்று வருஷத்துக்கு முந்திய ஐப்பசியில் நான் கபடிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேட்சுக்குப் போயிருந்தேன். மற்ற மூவரும் சித்தேரி ஏறினார்கள். இறங்கும்போது வானம் இருண்டுகொண்டது. ஈர ரோட்டில் மண் சிதறி ரிம்மில் ஒட்டும். தேய்ந்த கட்டையாக இருந்தால் ஒரே இறக்கத்தில் மிச்சத்தையும் அரைத்துத் தின்றுவிடும். தம்பியின் கட்டை அப்படித்தான் போனது. மறுநாள் காலை கடுக்காய் பொறுக்கப் போனவர்கள் அவனைப் பள்ளத்தில் பார்த்தார்கள். கால் இரண்டும் முறிந்திருந்தன. உயிர் விடியும் நேரத்தில்தான் போயிருக்கும் என்றார் டாக்டர்.

சாவு வீட்டில் நவநீதன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மழைங்க மாஸ்டர். மழைய நாம என்ன பண்ண முடியும்?" என்றார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து கல்லறையிலிருந்து திரும்பும்போது தமிழ்மணிதான் சொன்னார். அவரால் அதை வயிற்றில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

"ஜோசப்பு கத்திக் கூப்புட்டான் அண்ணா. கட்டை தேஞ்சிருச்சு, பையக் குடுங்கன்னான். நவநீ அண்ணன் நிக்கல. இடி வுழுந்துட்டு இருந்துச்சு. தள்ளிக்கிட்டே வாடா, கீழ நிக்கறோம்னாரு. கீழயும் நிக்கலீங்க. ஒரு மினி லாரி வந்துச்சு, சைக்கிளத் தூக்கிப் போட்டு ஏறிட்டோம். அவன் மேல ஊருக்குள்ள தங்கியிருப்பான்னு சொன்னாரு. நானும் சரின்னுட்டேன்."

சொல்லிவிட்டு அழுதார். அழுகிறவரை என்ன செய்வது? தமிழ்மணியை நான் விட்டுவிட்டேன். பிறகு அவர் ஓசூருக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

நவநீதன் அதற்குப் பிறகு சைக்கிளைத் தொடவில்லை. கடைக்குப் பின்னால் உர மூட்டைகளுக்கு நடுவே சாத்தி வைத்திருந்தார். டயரில் காற்று இல்லை, செயினில் துரு. ஒரு நாள் நானே போய், "வாங்க, ஜோசப்புக்காகவாவது ஓட்டுவோம்" என்றேன். அவர் மனைவி நிர்மலா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு என்னைக் கும்பிட்டார். "நீங்க வந்து கூப்புட்டதே போதுங்க மாஸ்டர். இவரு ராத்திரி தூங்கறதில்ல" என்றார்.

"இறக்கம்னாலே பயமா இருக்குங்க" என்றார் நவநீதன்.

"நான் சொல்லிக் குடுக்கறேன்" என்றேன்.

அவசரப்படவில்லை. முதல் பல மாதங்கள் நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் சரியான பாடம். மழையில் போய்வந்ததும் பழைய பனியன் துணியால் செயினைத் துடைப்பது, கண்ணி கண்ணியாக எண்ணெய் விடுவது, பிரேக் கட்டையில் பதிந்த மண்ணை ஊசியால் கிளறி எடுப்பது. மேட்டில் எந்த கியரில் மூச்சு வாங்காது என்பது. அவர் வண்டியைச் சைக்கிள் கடைக்காரனிடம் விடாமல் நானே பார்த்துக்கொண்டேன். கோணல் கொஞ்சம் வந்தாலும் சக்கரத்தைக் கழற்றி நேராக்கிவிடுவேன். நீங்கள் கூட்டிவந்த மெக்கானிக் அந்த வண்டியைப் பார்த்துவிட்டு, புதுசு மாதிரி இருக்கிறது என்றாராம். உண்மைதான். வண்டியில் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

அவருக்கு என் மேல் முழு நம்பிக்கை வந்த பிறகுதான் இறக்கத்துக்கு வந்தோம்.

சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். வண்டி கை திருப்புகிற பக்கம் போவதைவிடக் கண் பார்க்கிற பக்கம்தான் போகும். குழியைப் பார்த்தால் குழியில் விழுவோம். அதனால் வளைவில் இறங்கும்போது வளைவு முடிகிற இடத்தைப் பார்க்க வேண்டும், ஓரத்தைப் பார்க்கவே கூடாது. பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே, வண்டி நேராக இருக்கும்போதே பிடித்து வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வளைவுக்குள் சாய்ந்திருக்கும்போது ஈர ரோட்டில் முன் பிரேக்கைப் பிடித்தால் முன் சக்கரம் வழுக்கி வாரிக்கொண்டு போய்விடும்.

நவநீதனுக்கு இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்தேன்.

"ஓரத்தைப் பார்த்து ஓட்டுங்க. பள்ளம் எங்க இருக்குன்னு கண்ணுல வச்சுக்கிட்டாத்தான் அதுகிட்டப் போகமாட்டோம்" என்றேன். "வளைவுக்குள்ள போனதும் முன் பிரேக்கு. அப்பத்தான் வண்டி ரோட்ட அழுத்திப் புடிக்கும்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். பயந்தவனுக்கு ரொம்ப நியாயமாக இருக்கும். காய்ந்த ரோட்டில், மெதுவாக, என் பின்னால் அவரை ஓட்டவைத்துப் பழக்கினேன். காய்ந்த ரோடு எவ்வளவோ தப்பைப் பொறுத்துக்கொள்ளும். மழை நாளில் மட்டும் ஏதாவது காரணம் சொல்லி இறக்கத்தைத் தவிர்த்துவிடுவேன். கை தானாகவே செய்கிற அளவுக்குப் பழகட்டும் என்று காத்திருந்தேன்.

இதற்கிடையில் ஒரு தடவை மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் கீழே உட்கார்ந்துகொண்டார்.

"பை எங்கிட்டதான் இருந்துச்சுங்க மாஸ்டர். ஜோசப்பு கேட்டான். இடிக்குப் பயந்துட்டு நான் நிக்கல" என்றார். "உங்களுக்குத் தெரிஞ்சா என் மூஞ்சிலயே முழிக்கமாட்டீங்கன்னு சொல்லாம இருந்துட்டன்." கையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

அவர் முதுகைத் தட்டி, "விடுங்க" என்றேன். அவர் நான் மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் எழுந்து முகம் கழுவினார். அன்றைக்கும் இரண்டு வளைவுகள் பழகினோம்.

அவர் சொன்னதைக் கேட்டு என் மனசு இளகவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். இளகினால் தம்பிக்கு யார் இருக்கிறார்கள்?

ஜோசப்பின் மகள் பிளசி காலேஜில் முதல் வருஷம் படிக்கிறாள். அப்பன் போன பிறகு அவளுக்கு நான்தான் எல்லாம். நவநீதன் மனப்பாரம் தாங்காமல் அவளுக்கு ஒரு கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். தம்பி மனைவி வேண்டாம் என்றாள், பிளசி கேட்கவில்லை. நான் கபடிப் பிள்ளைகளோடு ஊர் ஊராகப் போன வாரங்களில் அவரே அவளைக் கூட்டிப்போய் ஓட்டப் பழக்கினார். என்ன பழக்கினார் என்று நான் கேட்டதில்லை. அவர் தனக்குத் தெரிந்ததைத்தானே சொல்லிக்கொடுக்க முடியும்? இதை நான் யோசித்திருக்க வேண்டும் என்பீர்கள். யோசிக்கவில்லை. எனக்கு வேறு கவலைகள் இருந்தன.

போன வாரம் ஜோசப்பின் நினைவு நாள். அவன் விழுந்த இடத்தில் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்று பிளசி சொன்னாள். மூவரும் ஏறினோம். மேலே போய்ச் சேரும்போதே மேற்கே கருத்துவிட்டது. நல்ல மழை வரும் என்று தெரிந்தது. நான் எதிர்பார்த்திருந்த நாள் அதுதான்.

மழை பிடித்ததும் பஸ் நிறுத்தக் கூரையின் கீழ் ஒதுங்கினோம். பிளசி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் அவளிடம், "நீ பஸ்ல வா கண்ணு, சைக்கிளை மேல போட்டுக்கலாம்" என்றேன்.

"வேண்டாம் பெரியப்பா. அப்பா எறங்குன ரோட்டுல நானும் எறங்கணும்" என்றாள். "பயமில்ல. அங்கிள் எல்லாம் சொல்லிக் குடுத்துட்டாரு. ஓரத்தையே பாத்துக்கிட்டுப் போகணும். வளைவுக்குள்ள போனதும் முன் பிரேக்கு. அதான?"

நவநீதன் சிரித்தார். "எல்லாம் உங்க பாடந்தான் மாஸ்டர். நான் நடுவுல ஒரு தபால்காரன்" என்றார்.

அப்போது நான் அவளிடம், அது தப்பு என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், சார். அவளுக்குச் சொன்னால் அவருக்கும் கேட்கும். இரண்டு வருஷத்துக்கு மேல் பட்ட பாடு வீணாகிவிடும். அவளைத் தனியாகக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். அதற்கும் அவர், என்னங்க மாஸ்டர் என்று கேட்பார். பிளசி எடை குறைவு, மெதுவாகத்தான் ஓட்டுவாள், அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று முடிவு செய்தேன். அவளுடைய ஹெல்மெட் வாரை நானே இழுத்துச் சரிசெய்தேன். பஸ்ஸில் வா என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நவநீதன் முன்னால், பிளசி நடுவில், நான் கடைசியில். மழை கண்ணை மறைத்தது. முதல் வளைவில் அவர் தலை ஓரத்தைப் பார்த்துத் திரும்பியது. அவள் தலையும் அதேபோல் திரும்பியது. இருவரும் தப்பித்தார்கள். தடுப்புச்சுவர் இடிந்த வளைவு அதற்கும் கீழே இருக்கிறது. அங்கே அவர் சாய்ந்தார், முன் பிரேக்கைப் பிடித்தார், சக்கரம் வாரியது. சத்தம்கூடப் போடவில்லை. நேராகத் தான் பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கே போனார். பின்னால் வந்த பிளசி அவர் போன இடத்தைப் பார்த்தாள். அவளும் அங்கேயே போனாள்.

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். பாறையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பிளசி மேலேயே ஒரு புதரில் மாட்டிக்கொண்டு, "பெரியப்பா, பெரியப்பா" என்று முனகினாள். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்திருந்தது. நவநீதன் இன்னும் கீழே கிடந்தார். நான் அவளைத் தாண்டி அவரிடம் போனேன்.

அவருக்கு மூச்சு இருந்தது. என்னைப் பார்த்ததும், "புள்ளையப் பாருங்க மாஸ்டர்" என்றார். "எனக்கு ஒண்ணுமில்ல, புள்ளையப் பாருங்க." நான் அவர் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். "பை உங்ககிட்டதான இருந்துச்சு" என்றேன். அவர் என்னையே பார்த்தார். புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். அதன் பிறகும் அவர் பிளசி இருந்த பக்கமாகக் கையைக் காட்டினார். மழை விடாமல் பெய்தது. கை தரையில் விழுகிற வரைக்கும் நான் உட்கார்ந்திருந்தேன். மேலேயிருந்து முனகல் கேட்பது எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை.

பிறகு மேலே ஏறி, அந்த வழியாக வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினேன். டிரைவரும் நாலைந்து பேரும் இறங்கிவந்து பிளசியைத் தூக்கினார்கள்.

அவள் சேலத்தில் இருக்கிறாள். இன்னும் கண் திறக்கவில்லை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மண்டைக்குள் ரத்தக் கசிவு, கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஏதோ நேரக்கணக்கு சொன்னார். தம்பி மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நிர்மலா தாலி அறுத்த கையோடு அங்கே வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். இருவரும் சேர்ந்து மழையைத் திட்டினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அதனால்தான் இங்கே வந்தேன்.

நவநீதனைக் கொன்றது நான். மழை இல்லை, ரோடு இல்லை, வண்டி இல்லை. இதை நீங்கள் தெளிவாக எழுதிக்கொண்டால் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். பிளசி விஷயம் வேறு. அதில் என்னைச் சேர்க்காதீர்கள். அவள் என் மகள் மாதிரி.

ஒரே ஒரு உதவி செய்யுங்கள். அவள் கண் விழித்தால் யாராவது போய்ச் சொல்ல வேண்டும், பெரியப்பா இவ்வளவும் உன் அப்பாவுக்காகத்தான் செய்தார் என்று. கேட்டால் சந்தோஷப்படுவாள்.