அடக்காதே, ஓடிலியா!

அவைக்கு அச்சாணியாய் அமர்ந்திருக்கும் பணிமனைத் தலைவர் எவரார்தோ அவர்களே! ஓய்வு பெற்றும் ஸ்டீயரிங் பிடித்த கைகளை மடியில் சும்மா வைக்கத் தெரியாமல் முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த ஓட்டுநர்களே! ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் உங்கள் பிள்ளைகளாய்ச் சுமந்து செல்லும் தாய்மார்களே! சோளமாவுத் தமாலே வேகும் வாசனையை மேடைவரை அனுப்பி, "சீக்கிரம் முடி" என்று எனக்குச் சொல்லாமல் சொல்லும் சமையற்கட்டுத் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் மஞ்சள் பள்ளிப் பேருந்து ஓட்டும் எல்விராவின் மனம் மலர்ந்த வணக்கம்!

இன்று நம் ரியோ கிராண்ட் பள்ளத்தாக்கில் கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. நம் ஓடிலியா இருபத்தைந்தாம் ஆண்டுப் பதக்கம் பெறுகிறாள். அவளைப் பாராட்டிப் பேச வந்திருக்கிறேன். எதைப் பேசட்டும்? அவள் ஓட்டும் திறமையையா? ஓயாத வாயையா? இல்லை, அவள் சிறுநீரைப் பற்றிப் பேசப்போகிறேன்!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! நேற்றே அவளிடம் அனுமதி கேட்டுவிட்டேன். "மைக்க வாய்க்கிட்ட வச்சுப் பேசுடி, கடைசி வரிசைக்கும் கேக்கணும்" என்றாள்.

அவளுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையில் வண்டி ஏறினால் நடுவில் இறங்க நேரமில்லை. அதனால் தண்ணீரே குடிக்க மாட்டாள். குடித்தாலும் அடக்குவாள். நீங்கள் அடக்கியதில்லையா? நான் அடக்கியதில்லையா? முன்வரிசைப் பெரியவர்கள் தலையாட்டுகிறார்கள்!

போன அக்டோபரில் ஒருநாள் என்னைத் தனியே இழுத்துப்போனாள். "ஒண்ணுக்குப் போனா நெருப்பா எரியுதுடி. பால்தெமார்கிட்ட மூச்சு விட்டுறாத" என்றாள். கட்டிய கணவனிடமே மூச்சு விடக்கூடாதாம்! நான் என்ன செய்தேன்? மருத்துவரிடம் அழைத்துப் போனேனா? இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவில் வாங்கி, பாதி தின்று மீதி வைத்திருந்த என் கிருமிக்கொல்லி மாத்திரைகளைக் கொடுத்தேன். "ரெண்டு நாள்ல பறந்துடும்" என்றேன். ஆமாம், அந்த மகா வைத்தியர் நான்தான், உங்கள் முன் நிற்கிறேன்!

நான்காம் நாள் காலை. எல்லா வண்டிகளும் பிள்ளைகளை ஏற்றக் கிளம்பிவிட்டன. வண்டியின் வயர்லெஸ் கருவியில் அவள் குரல் கேட்டது. "எல்விரா... பள்ளிக்கூடம் எந்தப் பக்கம்னு தெரியலடி."

அவள் அதே தடத்தில் கால் நூற்றாண்டு ஓட்டியவள்!

பணிமனையிலிருந்து எவரார்தோ பதறாமல் பேசினார்: "ஓடிலியா, வண்டிய ஓரங்கட்டு. சாவிய எடு. எதிர்ல என்ன தெரியுது?"

"தண்ணித் தொட்டி, ஐயா."

காலி வண்டியோடு பறந்தேன். அவள் படியில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். உடம்பு கொதித்தது. ஆனாலும் வண்டியை ஓரமாக, நேராக, விளக்கெரிய நிறுத்தியிருந்தாள்! புத்தி கலங்கியும் பொறுப்பு கலங்கவில்லை! அவள் வண்டியில் இன்னும் ஒரு பிள்ளைகூட ஏறியிருக்கவில்லை.

என் வண்டியிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். அங்கே பார்த்தால் சர்க்கரை முந்நூற்று எண்பது. மூன்றாம் நாள் பரிசோதனை முடிவோடு மருத்துவர் கிரிசெல்டா வந்தார். "கிருமி மூத்திரப்பையிலேர்ந்து கிட்னிக்கு ஏறி ரத்தத்துலயும் கலந்திருச்சு. சர்க்கரை கூடுனா அதுக்குக் கொண்டாட்டம். இவங்க தின்ன மாத்திரைக்கு அது அசையவே இல்ல" என்றார்.

"நான்தான் குடுத்தேன், டாக்டர்" என்று சொல்லி அழுதேன்.

"இனிமே யாருக்கும் குடுக்காதீங்க. ஆனா உடனே கொண்டு வந்தீங்களே, அதான் பொழச்சாங்க" என்றார்.

கட்டிலருகே பால்தெமார் நின்றிருந்தார். "இருபத்தொம்போது வருஷமா நான் ஊரே கேக்கக் குறட்டை விடறேன். உங்கிட்ட வெக்கப்பட்டேனா? மூத்திரம் எரியுதுன்னு சொல்ல உனக்கென்னடி வெக்கம்?" என்று கேட்டார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு வாரம் கேட்காத அந்தச் சிரிப்பைக் கேட்டு நான் மறுபடி அழுதேன்!

தேறி வந்தவள் வீட்டில் முடங்கினாளா? நேராகத் தலைவர் அறைக்குப் போனாள். "ஐயா, டீசலுக்கு நேரம் வச்சிருக்கீங்க, டயருக்கு நேரம் வச்சிருக்கீங்க. ஓட்டுறவ ஒண்ணுக்குப் போக எங்கய்யா நேரம்?"

"இத்தனை வருஷமா யாரும் சொல்லலியேம்மா!"

"நீங்க கேட்டீங்களா?"

தலைவர் அவர்களே, சிவக்காதீர்கள்! அந்த வாரமே இரு தடங்களுக்கிடையே பத்து நிமிடம் ஒதுக்கினீர்களே, அதற்கு இந்த அவை கைதட்டுகிறது!

அதன்பின் அவள் ஓய்வறையில் எல்லோர் முன்னும் தன் கதையைச் சொன்னாள். சிலர் முகம் திருப்பினார்கள். மறுநாள் ஒவ்வொருவராக அவள் வண்டிப் படியோரம் வந்து, தங்களுக்கும் எரிகிறதென்று கிசுகிசுத்தார்கள். ஏழு பேர்! ஏழு பேரும் மருத்துவரிடம் போனார்கள். ஏழு பேரும் இங்கே இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன், பயப்படாதீர்கள்!

தோழர்களே! எரிச்சலா, சொல்லுங்கள்! காய்ச்சலா, முதுகு வலியா, வாந்தியா, சர்க்கரை காரணமில்லாமல் ஏறுகிறதா, ஓடுங்கள் மருத்துவரிடம்! சர்க்கரைக்காரருக்குச் சில வேளை எரிச்சலே தெரியாமலும் போகுமாம். வெட்கத்தால் வாய் மூடினால் கிருமிக்கு வழி திறக்கும். கிருமிக்கு வெட்கமில்லை, நமக்கெதற்கு?

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி! கிரிசெல்டா அவர்களுக்கு நன்றி! இப்போது ஓடிலியாவை மேடைக்கு அழைக்கிறேன்... ஓடிலியா! எங்கே, இருக்கை காலியாக இருக்கிறதே? பால்தெமார் ஏன் அந்தக் கதவைக் காட்டிச் சிரிக்கிறார்?

ஓ! ஒண்ணுக்குப் போயிருக்கிறாளா? போகட்டும், நிதானமாக வரட்டும்! பதக்கம் காத்திருக்கும், தமாலே காத்திருக்கும், நாமும் காத்திருப்போம். எழுந்து நின்று, அவள் காதில் விழும்படி கைதட்டுங்கள்! வணக்கம்!