பத்துக் கைதட்டல்

— இங்கேயே நில்லு, விஜயா. ஏஷியாட் விளையாட்டு வரதுன்னு டெல்லி ரோடெல்லாம் தோண்டிப் போட்டிருக்கான், நடக்க முடியாது. லக்ஷ்மிபாய் நகர் பஸ் இப்போ வந்துடும்.

— வரபோது வரட்டும். கோதை, ரோட்டுப் பக்கம் போகாதே. என் எதிர்ல வந்து நில்லு... பாருங்கோ, காதே கேக்காதுன்னு டாக்டர் இப்பத்தான் சொன்னார். நான் இன்னமும் கூப்பிட்டுண்டிருக்கேன்.

— அதாவது, அவர் என்ன சொன்னார்னா...

— பிறவியிலேயே கேக்கலைன்னார். ரெண்டு வயசுல மெஷின் வச்சிருந்தா இத்தனைக்குப் பேசியிருப்பா, நாலு வயசு வரைக்கும் என்ன பண்ணிண்டிருந்தேள்னு கேட்டார். நான் என்னன்னு சொல்றது? எங்காத்துக்காரர் காலேஜ்ல ஸ்டாடிஸ்டிக்ஸ் சொல்லித் தரார், சுவத்துல சாக்பீஸால கோயில் மணி மாதிரி ஒரு கோடு போட்டுக் காமிச்சார்னா?

— அந்தக் கோடு பொய் இல்லை, விஜயா. அதாவது, முக்கால்வாசிக் குழந்தைகள் நடுவுல பேசும். சிலது சீக்கிரம், சிலது ரொம்ப லேட். யாராவது ஓரத்துல இருந்துதானே ஆகணும்? அதோட ஆத்துல தமிழ், பக்கத்தாத்துல ஹிந்தி, ரேடியோல இங்கிலீஷ். மூணு பாஷையில குழந்தை குழம்பறதுன்னு காலனியே சொல்லித்து.

— காலனி சொன்னது, சரி. குக்கர் விசிலுக்குத் திரும்ப மாட்டேங்கறாளேன்னு நான் அழுதது?

— அதுக்குத்தானே சோதிச்சேன். அவ முதுகுக்குப் பின்னால நின்னு பத்துத் தடவை கை தட்டினேன். ஒன்பது தடவை திரும்பினா. கேக்காத குழந்தை குருட்டாம்போக்குல திரும்பறதுன்னா, காசு சுண்டற மாதிரி. பத்துல ஒன்பது பூ விழறது நூத்துல ஒரு தடவைதான். பைனாமியல் கணக்கு, வருஷா வருஷம் கிளாஸ்ல நடத்தறேன். அதை நம்பி, என் குழந்தையோட ரெண்டு வருஷத்தை நானே முழுங்கிட்டேன்.

— நானும்தான் நம்பினேன். உங்க சந்தோஷத்தைப் பார்த்து அன்னிக்கு கேசரி கிளறினேனே, ஞாபகம் இருக்கோ?

— இரு, இரு. இப்போ பின்னால ஸ்கூட்டர்க்காரன் ஹாரன் அடிச்சான். கோதை திரும்பினா, பார்த்தியோ? டாக்டர் தப்பாச் சொல்லிட்டார். வா, திரும்பப் போய்க் காமிப்போம்.

— கொஞ்சம் இருங்கோ.

— எதுக்கு? நீயும்தானே நிமிர்ந்து பார்த்தே.

— அதான். நான் கண்ணை மூடிக்கறேன். அடுத்த ஹாரன் அடிக்கறச்சே அவளைப் பார்த்துண்டே இருங்கோ.

— அதோ, பஸ்ஸே வரது. அடிக்கறான், காதைக் கிழிக்கறது.

— திரும்பினாளா?

— இல்லை. உன் முகத்தையே பார்த்துண்டு நிக்கறா.

— அன்னிக்கு நீங்க தட்டறச்சே நான் அவ எதிர்ல உக்காந்து கீரை ஆய்ஞ்சிண்டிருந்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் நிமிர்ந்து உங்களைப் பார்த்தேன், ஒரே ஒரு தடவை தவிர.